கோட்டுக்கு முட்டை போட்ட ஈ

அம்மாவின் தையல் கடை ஜன்னலில் ஒரு தகர டப்பா இருந்தது. அதற்குள் பத்து நாணல் குழாய்கள். தேனீக்கள் கூடு கட்டட்டும் என்று வைத்தவள் ஊசி. ஆள் அவ்வளவு ஒல்லி, அதனால் வீட்டில் அந்தப் பெயர்.

குழாய்களுக்குள், கூட்டமாக இல்லாமல் தனித்தனியே கூடு கட்டும் தேனீக்கள் மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, வாசலை மண் பூசி அடைத்தன. மூன்று வாசல்கள் அடைத்தாயிற்று. மீதி ஏழும் திறந்திருந்தன.

அன்று பஞ்சு உருண்டை மாதிரி ஓர் ஈ வந்தது. காற்றில் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது.

“அக்கா, என் பஞ்சு வந்துடுச்சு!” தம்பி குதித்தான். ஈக்கு அவன் வைத்த பெயர் அது.

ஊசி பள்ளி நூலகத்துப் பூச்சிப் புத்தகத்தைப் புரட்டினாள். முகம் சுருங்கியது.

“டேய், உன் பஞ்சு பெரிய திருடி. தேனீ வாசல்ல முட்டையைச் சுண்டிவிடுமாம். அதோட புழு உள்ள போய்த் தேனீக் குஞ்சைத் தின்னுடுமாம்.”

“அதுக்கும் பசிக்கும்ல?”

“அப்போ தேனீக் குஞ்சு பாவமில்லையா?”

ஊசி அம்மாவின் மர அளவுகோலை ஓங்கினாள். தம்பி கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான். அவன் உதடு பிதுங்கியது. அவள் கை தானாக இறங்கிவிட்டது.

அதற்குள் ஈ கடை வாசல் பக்கம் பறந்தது. அங்கே பேண்ட் வாத்திய மாஸ்டர் தைக்கக் கொடுத்த வெள்ளைக் கோட்டு தொங்கியது. அதில் ஆறு கறுப்புப் பொத்தான்கள். ஈ ஒவ்வொன்றின் முன்னும் நின்று, வாலைச் சொடுக்கியது.

“அம்மா! கோட்டுக்கு முட்டை போடுது!”

“சாயங்காலம் மாஸ்டர் வந்து கேட்டா நீயே பதில் சொல்லு” என்று சிரித்த அம்மா, கோட்டை எடுத்து உதறினாள்.

ஊசிக்குப் பொறி தட்டியது. கறுப்பாக, வட்டமாக இருந்தால் ஈக்கு அது பொந்துதான்!

அம்மாவின் பொத்தான் டப்பாவில் கிடந்த ஜோடியில்லாத கறுப்புப் பொத்தான்களை எல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் தைத்தாள். இருபத்தொன்று இருந்தன. துணியைக் குழாய்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

ஈ நேராகத் துணிக்கே போனது. சொடுக்கு, சொடுக்கு, சொடுக்கு.

“ஏமாந்துடுச்சு!” ஊசி கைதட்டினாள்.

தம்பி தட்டவில்லை. “அப்போ பஞ்சோட குஞ்சு எதைச் சாப்பிடும்?”

ஊசி திரும்பி ஈயைப் பார்த்தாள். அது களைத்துப்போய் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தது.

“சரி. தினமும் மத்தியானம் அஞ்சு நிமிஷம் துணியை எடுத்துடுறேன். அதுக்குள்ள அது சாமர்த்தியம்.”

“நான்தான் எண்ணுவேன்!”

ஐந்து நிமிடத்துக்கு முந்நூறு எண்ண வேண்டும். தம்பி தினமும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை ஒழுங்காக வந்துவிடுவான். அடுத்த எண் மட்டும் அவனுக்கு மறந்துபோகும். ஊசி கண்டும் காணாததுபோல் இருந்தாள்.

மாதங்கள் போயின. ஒரு காலையில் மண் கதவுகள் உடைந்தன. ஈரச் சிறகோடு தேனீக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஊசி இருபத்தாறு வரை எண்ணினாள்.

கடைசிக் குழாயிலிருந்து எட்டிப்பார்த்தது தேனீ இல்லை. கசங்கிய பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று.

பாதி துலக்கிய பல்லோடு நின்ற தம்பியைப் பார்த்து ஊசி கத்தினாள்:

“டேய், ஓடி வாடா! நம்ம பஞ்சோட குழந்தை!”