பனிக்குள் கூப்பிட்டது யார்?

“மேடம், அந்தாண்ட போவாதீங்க. பலகை பாதி வரைக்கும்தான் போட்டுக்கீது.”

காக்கிச் சட்டைக்காரனை ஷாரோன் நிமிர்ந்து பார்த்தாள். அவனுடைய கரிய, பெரிய கண்கள்... அவள் பார்த்ததும் தாழ்ந்துகொண்டன. செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும் இந்தப் பறவை ஏரிக்காக நாவலூரிலிருந்து விடியுமுன்னே கிளம்பி வந்திருந்தாள். தன் சக்கர நாற்காலியும் போகப் பலகையில் சரிவுப்பாதை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஆசை.

“நடந்து போறவங்களையும் இப்படித்தான் தடுப்பீங்களா?”

“நான் வேணா தூக்கிகினு போய்க் காட்டறேன்...”

“நான் ஒண்ணும் மூட்டை இல்ல.”

அவன் முகம் சுருங்கியது. அவள் பலகைப் பாதையில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மார்கழிப் பனி ஏரியிலிருந்து எழுந்து, கடம்ப மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. காதை அடைத்த பறவை இரைச்சல்... சட்டென்று நின்றது. யாரோ எல்லா அலகுகளையும் ஒன்றாகப் பொத்தியதுபோல.

ஷாரோன் பிரேக்கைப் பிடித்தாள். முன்னால் வெள்ளை. பின்னால் வந்த வழியும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் பலகை மெல்ல அமுங்கியது... யாரோ வந்து நின்றதுபோல. திரும்பினாள். யாருமில்லை. பிடரியில் மட்டும் சில்லென்று ஒரு மூச்சு.

‘கத்தினால் அவன் சொன்னது சரின்னு ஆயிடுமே...’ உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டார்ச் வெளிச்சம் ஓடி வந்தது. அவன்தான். சட்டையில் சுதாகர் என்று பெயர் தைத்திருந்தது.

“அசையாதீங்க.”

வெளிச்சத்தை முன்னால் காட்டினான். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, பலகை இல்லை. கறுப்புத் தண்ணீர்.

“புடிச்சிக்கட்டா?” என்று கேட்டான். அவள் தலையசைத்த பிறகே நாற்காலியைத் தொட்டுப் பின்னுக்கு இழுத்தான்.

“நல்லவேள, கூப்ட்டீங்க.”

“நான் கூப்பிடலையே.”

“இன்னா சொல்றீங்க... பொம்பள குரலு. ‘சுதாகரு, ஓடியா’ன்னு தெளிவா கேட்டுச்சே.”

“உங்க பேரே எனக்கு இப்பத்தான் தெரியும்.”

இருவரும் ஏரியைப் பார்த்தார்கள். பனிக்குள் ஏதோ ஒன்று தண்ணீரில் மெதுவாக இறங்கும் சத்தம்... பிறகு அதுவும் இல்லை. அவன் ஓரடி பின்வாங்கினான். ஷாரோன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஊரு கடலோரம், கடப்பாக்கம். கடல்ல பயந்ததே இல்ல,” என்றான். பிறகு குனிந்தபடி சொன்னான்:

“போன வருசம் படிக்கட்டாண்ட வந்து, ஏற முடியாம திரும்பிப் போனீங்க. கண்ணு கலங்கிச்சி... நான் தூரத்துல நின்னுகினு இருந்தேன். அன்னிலேர்ந்து சரிவு போடுங்கன்னு ஆபீசர பேஜாரு பண்ணிகினே இருந்தேன். என்னைக்காவது வருவீங்கன்னு தெனம் கேட்டையே பாப்பேன். வந்தன்னிக்கு... பேசத் தெரியாம பேசிட்டேன்.”

அவள் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பாதை தனக்காகவா... முகம் தெரியாத ஒருவன், தன் ஒரு துளிக் கண்ணீருக்காகவா?

“மிச்சத்த எப்ப முடிப்பீங்க?”

“பொங்கலுக்குள்ள.”

“அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை வந்து நச்சரிப்பேன்.”

“அதுக்கப்பால?”

ஷாரோன் அவன் கையை விடாமலிருந்தாள்.

“அதுக்கப்புறமும் வருவேன் சுதாகர். பறவைங்களுக்காக இல்ல.”