பனிக்கு அடியில் ஒரு சத்தம்

நார்வே மலைகளில் ஈஸ்டர் விடுமுறை என்றால் மரக்குடில்களில் கூட்டம் வந்துவிடும். யோருனின் அப்பா அப்படி ஒரு குடிலைப் பார்த்துக்கொள்பவர். அடுப்பு மூட்டி சூப் வைக்க அவர் முதல் நாளே போய்விட்டார். பத்து வயது யோருனும், ரன்வெய்க் அத்தையும், அத்தை மகன் ஐவினும் மறுநாள் பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இரண்டு நாள் அடித்த காற்று அன்றுதான் ஓய்ந்திருந்தது. அத்தை கைபேசியில் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தார். அபாய அளவு ஐந்துக்கு மூன்று என்று போட்டிருந்தது. கவனமாகப் போகலாம் என்றார்.

ஐவினுக்குப் பதின்மூன்று வயது. போன வருடம் ஒரு மேட்டில் பயந்து திரும்பிவிட்டான். பள்ளியில் இன்னும் அவனை 'முயல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நண்பகலில் ஒரு செங்குத்தான சரிவின் அடிக்கு வந்தார்கள். யாரோ இரண்டு பேர் சரிவின் குறுக்கே போன தடம் தெரிந்தது.

“அவங்க போயிருக்காங்க பாருங்க. அரை மணி நேரத்துல குடிலுக்குப் போயிடலாம்” என்று அத்தை முன்னால் நடந்தார். காட்டு வழியாகச் சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம் கூடுதல்.

யோருன் காலை எடுத்து வைத்தாள். பனிக்கு அடியில் 'பொதும்' என்று ஒரு சத்தம். பெரிய மெத்தையில் யாரோ உட்கார்ந்ததுபோல் தரை லேசாக இறங்கியது. அவள் பலகை முனையிலிருந்து நூல்போல ஒரு விரிசல் ஓடியது.

அத்தைக்குக் கேட்கவில்லை. யோருன் திரும்பி ஐவினைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. ஏற்கெனவே இறுக்கியிருந்த காலணிக் கொக்கியைக் குனிந்து மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தான்.

“அத்தை, கொஞ்சம் நில்லுங்க. கீழ ஏதோ சத்தம் கேட்டுச்சு.”

“காத்தா இருக்கும் யோருன்.”

“காத்துதான் நின்னுடுச்சே அத்தை.”

ஐவினுக்கும் கேட்டது என்று அவளே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லவில்லை. விரிசலைக் கோலால் காட்டி, “இது உன் பலகை வரைக்கும் வந்திருக்கு. உனக்கு ஏதாவது தெரிஞ்சுச்சா?” என்று மட்டும் ஐவினிடம் கேட்டாள்.

ஐவின் கொக்கியிலிருந்து கையை எடுத்தான். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

“தெரிஞ்சுச்சும்மா. வர்ற வழியில ஒரு பாறை இருந்துச்சுல்ல, அதுகிட்டயும் ஒரு தடவ கேட்டுச்சு. நான்தான் சொல்லல.”

அத்தை திரும்பி வந்து விரிசலைப் பார்த்தார். தலைக்கு மேலே காற்று கொண்டுவந்து குவித்திருந்த, எந்நேரமும் சரிந்து விழக்கூடிய பனியைப் பார்த்தார்.

“நான் அந்தத் தடத்த மட்டும்தான் பாத்துட்டு வந்திருக்கேன்” என்றார் மெதுவாக.

வந்த தடத்திலேயே, இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். காட்டு வழி நீளமாக இருந்தது. பாதியில் ஐவின் யோருனின் பையையும் வாங்கிக்கொண்டான்.

“நீ கேக்கலன்னா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன்.”

“எனக்கும் தைரியம் வரல. உன் மூஞ்சியப் பாத்துதான் சொன்னேன்.”

“ஏன், எப்படி இருந்துச்சு?”

“அவிச்ச உருளைக்கிழங்கு மாதிரி.”

குடிலில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். ஏன் தாமதம் என்று கேட்டதும், நடந்ததை ஐவினே சொன்னான். அடுப்போரம் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அதே சரிவு வழியாக இறங்குவதாக இருந்தார்களாம். அவர்கள் வரைபடத்தை விரித்து எந்த இடம் என்று கேட்டார்கள். யோருன் சரிவைக் காட்டினாள். பாறை இருந்த இடத்தை ஐவின் காட்டினான்.

மறுநாள் காலை, அந்தத் தம்பதி குழந்தையை வைத்து இழுத்துப்போன சறுக்குவண்டி காட்டுப் பக்கம் திரும்பி இறங்கியது. ஐவின் சன்னலில் படிந்த மூச்சின் ஆவியைத் துடைத்துத் துடைத்து, அது மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.