வளைவில் படுத்திருப்பவன்

ஆஸ்பத்திரியில் மூடிக் கிடந்த பழைய வார்டை கம்ப்யூட்டர் அறையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டில்களைத் தூக்கிய பிறகும் மருந்து வாடை மட்டும் போகவில்லை. மத்தியானம் ஏணியோடு உள்ளே வந்த கேபிள்காரர், மேலே பார்க்காமலே ஏணியை விரித்தார்.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ஒயரைக் கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் இழுத்துக் கொடுப்பது அவர் தொழில். கேபிள்காரர் என்ற பேரைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்ல சீரியல் சேனல் வரலையே!" என்று மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. முன்பெல்லாம் அதற்குச் சிரிப்பார். போன மாதம் இங்கே மச்சினன் செத்துப்போனதிலிருந்து சிரிப்பதில்லை.

மனைவியின் தம்பி அவன். ஆள் ஒல்லி, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான் என்பதால் ஊசி என்று பேர். வராந்தாவுக்கு மேலே, பொய்க்கூரைக்குள், பாதை திரும்பும் வளைவில் ஒயர் சிக்கும். அங்கே பலகையில் ஒருவர் குப்புறப் படுத்துக்கொண்டு தள்ளிவிட வேண்டும். அன்றைக்கும் ஊசிதான் படுத்திருந்தான். மேல் தளம் தகித்துக்கொண்டிருந்தது.

"மாமா, மூச்சு முட்டுது. இறங்கிடட்டுமா?" என்றான் வாக்கி டாக்கியில்.

"இன்னும் ஒரே லைன்தான் மாப்ள. முடிச்சுட்டு இறங்கு."

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரி மேனேஜர் நின்றுகொண்டு, வேலை எப்போது முடியும் என்று குடைந்துகொண்டிருந்தார். கேபிள்காரர் சத்தத்தைக் குறைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மேனேஜர் போன பிறகுதான் கூட்டினார். அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

"கடைசியா ஒரு வார்த்தைகூட சொல்லலையா என் தம்பி?" என்று மனைவி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதபோது, "சொல்லலையே" என்றுவிட்டார். அன்றிலிருந்து அவள் பரிமாறும் சோறு அவருக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

இன்று துணைக்கு ஒரு எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். வராந்தாவின் மறுகோடியில் இருந்த சர்வர் அறையில், ஒயர்ச் சுருள் பெட்டியோடு நின்று அவர் ஒயரை விட்டுக்கொடுப்பதாக ஏற்பாடு. வளைவில் இன்னொருவரை ஏற்றக் கேபிள்காரருக்கு மனசு வரவில்லை. சிக்கினால் சிக்கட்டும் என்று, ஒயர் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

சிக்கவில்லை.

எண்ணெய் தடவினாற்போல வழுக்கிக்கொண்டு வந்தது ஒயர். ஒரு கை நீளம் வரும். நிற்கும். இரண்டு முறை லேசாக அதிரும். பிறகு அடுத்த கை நீளம்.

'பிடிச்சுக்கோ மாமா' என்பதற்கு ஊசி அப்படித்தான் விரலால் ஒயரைச் சுண்டுவான்.

"அண்ணே, நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீங்களா?"

பின்னால் வாசலில் எலக்ட்ரீஷியன், தண்ணீர் பாட்டிலோடு.

"நீங்க... அங்க இல்லையா?"

"தண்ணி பிடிக்கப் போயிருந்தேன். ஏண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

கையிலிருந்த ஒயர் இரண்டு முறை அதிர்ந்தது.

கேபிள்காரர் மேலே ஏறினார். ஒயரை மட்டும் கையிலிருந்து விடவில்லை. கூரைப் பலகை ஒன்றைத் தள்ளித் தலையை உள்ளே நுழைத்தார். சூளையில் நுழைந்த மாதிரி வெக்கை. புழுதி நாற்றத்தோடு புது வியர்வை வாடை. டார்ச் வெளிச்சம் ஒயரின் மேலேயே ஊர்ந்து வளைவு வரை போய், அதற்கப்பால் போகாமல் நின்றது.

அங்கே யாரோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள..." என்றார்.

மூச்சுச் சத்தம் நின்றது.

அவர் பிடித்திருந்த ஒயர் மெதுவாக உள்ளே போக ஆரம்பித்தது. இறுக்கிப் பிடித்தார். உள்ளங்கை எரிந்தது. ஏணி ஆடியது.

"கேட்டுச்சுடா! நீ மறுபடி கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான்தான் குறைச்சு வச்சேன்."

ஒயர் தளர்ந்தது.

வெயில் சாயுமுன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அழவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டான்?"

"தெரியல. குறைச்சுட்டேனே."

அவள் எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை. கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்து கிடந்தார்.

காலையில் எலக்ட்ரீஷியன் போன் செய்தார்.

"அண்ணே, சர்வர் ரூம்ல நிக்கிறேன். நேத்து வச்ச பெட்டி பூரா காலி. அடுத்த பெட்டியும் பாதி தீர்ந்துருச்சு."

"யாரு இழுத்தது?"

"யாரும் இழுக்கலைண்ணே. வார்டு பூட்டித்தான் கிடக்கு. சாவி என் பையில இருக்கு." அவர் குரல் தாழ்ந்தது. "ஒயர் இன்னும் கூரைக்குள்ள போயிட்டே இருக்குண்ணே."

போனுக்குள் ஒயர் உரசும் சத்தம் கேட்டது.