இருபத்தோராம் வரிசையில் மாஸ்க் போடாதவர்

“எம்புள்ள பேரை இதுல எழுதி அனுப்பியிருக்காங்க. இன்னும் நாலு நாளுதான் கெடு. நீதான் பதில் எழுதித் தரணும்.”

தனக்கொடி அந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் மெஷின் மேலேயே வைத்துவிட்டாள். நடவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒதியம்பட்டிலிருந்து வந்திருந்தாள். காலில் சேறு இன்னும் காயவில்லை. பின்னால் அவள் மகன் எழிலரசன் மாஸ்க்குக்கு மேல் கண்கள் மட்டும் தெரிய நின்றான். தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ, அந்தக் கண்களே சொல்லின.

வில்லியனூரில் மனு எழுத எத்தனையோ கடை உண்டு. விஜயராணியிடம் ஆட்கள் தேடி வருவதற்குக் காரணம் வேறு. பன்னிரண்டு வருடம் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து, பிறர் சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதித் தள்ளியவர் அவர். எந்த இடத்தில் ஆள் உண்மையை விட்டுத் தாவுகிறான் என்பது அவருக்குக் காது வழியாகவே தெரியும். கடையில் டைப் அடிக்கும் ஜோஸ்பினுக்கு அப்படியெல்லாம் எதுவும் தெரியாது. ஆனால் ஒரு வழக்கு வாசனை பட்டால் போதும், மத்தியானச் சோறுகூட மறந்துவிடும்.

தலைப்பில் நீலப் பறவை முத்திரையோடு இருந்த அந்தக் கடிதம் விமானக் கம்பெனியிலிருந்து வந்தது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி மும்பையிலிருந்து சென்னை வந்த விமானத்தில், 21-B இருக்கைப் பயணி மாஸ்க்கைக் கழற்றியிருக்கிறார். மூன்று முறை எச்சரித்தும் போடவில்லை, பணிப்பெண்ணிடம் கத்தியிருக்கிறார். பட்டியலின்படி அந்த இருக்கை எழிலரசனுடையது. ஏழு நாளுக்குள் விளக்கம் வராவிட்டால் மூன்று மாதம் பறக்கத் தடை. பின்பக்கத்தில் கொரோனா கால விதிகள் பொடி எழுத்தில் இருந்தன: எல்லோருக்கும் மாஸ்க், முகத் தகடு, நடு இருக்கைக்கு மட்டும் கூடுதலாக மேலங்கி, கழிவறை முன் வரிசை கூடாது, பேச்சைக் குறைக்கவும். யாரும் படிக்காத அந்தப் பக்கத்தை விஜயராணி இரண்டு முறை படித்தார்.

எழிலரசன் வெல்டர். மஸ்கட் கப்பல் பட்டறையில் அவனுக்கு வேலை உறுதியாகியிருந்தது. இருபதாம் தேதி இதே கம்பெனி விமானத்தில் ஏற வேண்டும். தடை விழுந்தால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக ஏஜென்ட் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒன்றரை வருட ஊரடங்கில் சும்மா கிடந்த வீட்டுக்கு இந்த ஒரு வேலைதான் கதவு.

“நான் அந்த சீட்டுல உக்காரவே இல்லக்கா” என்றான் எழிலரசன். “டிக்கெட்டுல எனக்கு நடு சீட்டு, மணிபாரதிக்கு ஜன்னல். வேலை இன்டர்வியூவுக்கு மும்பை போறப்ப ரயில்ல போனோம். மொத மொத பிளைட்டு, கடலைப் பாக்கணும்னு ஆசை. கேட்டேன், ஏறுனவுடனே மாத்திக் குடுத்துட்டான். சத்தம் போட்டது அவன்தான்.”

“மணிபாரதி யாரு?”

“கரையாம்புத்தூர் அரங்கநாதன் மவன். ஐ.டி.ஐ.ல ஒண்ணா படிச்சோம். அவனுக்கும் அதே வேலை, அதே தேதி. இப்ப கேட்டா சீட்டே மாறலன்றான்.”

“அந்தப் பக்கம் இன்னொரு சீட்டு இருக்குமே?”

“காலிக்கா.”

ஜோஸ்பின் முந்திக்கொண்டாள். “ஜன்னல்ல இன்னா பாத்தீங்கன்னு சொல்லுங்க.”

மும்பைக் கடலையும், பொம்மை போல நின்ற கப்பல்களையும், இறக்கையின் நுனி ஆடியதையும் அவன் சொன்னான். சொல்லும்போது தன் கஷ்டத்தையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டான். ஜோஸ்பினுக்கு அதுவே போதுமென்று பட்டது.

“நடு சீட்டுல உக்காந்து எட்டிப் பாத்தாலும் இதெல்லாம் தெரியும்” என்றார் விஜயராணி. “எழிலு, நீ உக்காந்த சீட்டு மேல இன்னா வச்சிருந்தாங்க?”

“ஒரு கவரு. மாஸ்க்கு, முகத்துக்கு மாட்டுற தகடு, சானிடைசர் பாக்கெட்டு ரெண்டு.”

“வேற?”

“அவ்ளோதான்க்கா.”

விஜயராணி அதைத் தாளில் குறித்துக்கொண்டு, ஜோஸ்பினின் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

கரையாம்புத்தூரில் வீட்டுக்கு வழி கேட்கலாமென்று ஒரு வயலோரம் நிறுத்தினார்கள். நெல்லுக்கு ஒருவர் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வரை வெள்ளை அங்கி, முதுகில் கட்டிய நாடா, மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்த எலாஸ்டிக். நெஞ்சில் சின்னதாக ஒரு நீலப் பறவை.

“இவரு இன்னாக்கா, கொரோனா வார்டுலேர்ந்து நேரா வயலுக்கு வந்துட்டாரா?” என்று ஜோஸ்பின் சிரித்தாள்.

அவர்தான் அரங்கநாதன். தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு வரப்புக்கு வந்தார். “நல்லா இருக்குமா இது. ஒரு சொட்டு மேல படல. பையன் கொண்டாந்து குடுத்தான். தூக்கிப் போட மனசு வரல. மணியா? வூட்டுலதான் இருக்கான், போங்க.”

மணிபாரதி நாற்காலி எடுத்துப் போட்டான், மோர் கொடுத்தான், கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னான். சீட் மாறவில்லை. கத்தியது எழில்தான். அவனுக்கு மூச்சு முட்டியது, பாவம், வேண்டுமென்று செய்யவில்லை.

“நடு சீட்டுக்குக் கவுன் தருவாங்களாமே, அதுவும் சேந்துதான் மூச்சு முட்டியிருக்கும்” என்றார் விஜயராணி, மோரைக் குடித்தபடி. “எழிலு அதப் போட்டிருந்தானா?”

“போட்டிருந்தான்க்கா. சென்னையில எறங்குனதும் கழட்டி மஞ்சள் குப்பை டப்பாவுல போட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன், என் கண்ணால பாத்தேன்.”

“உனக்குத் தரலையா?”

“ஜன்னலுக்கு ஏதுக்கா?”

திரும்பும் வழியில் ஜோஸ்பின் புலம்பிக்கொண்டே வண்டி ஓட்டினாள். பையன் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறான், இவன் பேச்சை எப்படி உடைப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. விஜயராணி மடுகரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி அரங்கநாதனுக்கு ஒரு போன் போட்டார். நாளைக் காலை மகனோடு கடைக்கு வரவேண்டும். வரும்போது அந்த வெள்ளை அங்கியையும் கொண்டுவர வேண்டும். ஜோஸ்பினுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியை விட்டு இறங்கியே விட்டாள்.

மறுநாள் கடைக்குள் ஆறு நாற்காலி போட இடமில்லை. தனக்கொடி வாசலில் உட்கார்ந்தாள். அரங்கநாதன் துவைத்து மடித்த அங்கியை மேசைமேல் வைத்தார். அதைப் பார்த்ததும் மணிபாரதியின் முகம் வெளிறியது.

“விமானத்துல முகத்தப் பாத்தது ஒரு பணிப்பெண்தான்” என்றார் விஜயராணி. “அவங்க எழுதினது சீட்டு நம்பரை. அதனால கேள்வி ஒண்ணே ஒண்ணு: நடுவுல உக்காந்தது யாரு? நடு சீட்டுக்கு மட்டும்தான் கவுன்னு கடிதாசி பின்னாலயே போட்டிருக்கு. எழிலு தான் உக்காந்த சீட்டுல இருந்ததச் சொன்னப்ப கவுனைச் சொல்லல. அது முக்கியம்னே அவனுக்குத் தெரியாது. ஐயா, இது ஏதுங்க?”

“பிளைட்டுல குடுத்தாங்கன்னு மணிதான் கொண்டாந்தான்” என்றார் அரங்கநாதன். தான் என்ன சொல்கிறோம் என்பது அவருக்கு இன்னும் புரியவில்லை.

ஜோஸ்பினால் சும்மா இருக்க முடியவில்லை. “எழில் தன்னோடத மணிக்குக் குடுத்திருக்கலாமேக்கா?”

“குடுத்திருந்தா, குடுத்தான்னு மணி சொல்லியிருப்பான். டப்பாவுல போட்டதக் கண்ணால பாத்தேன்னு சொன்னான். போட்ட கவுனு கரையாம்புத்தூர் வயலுக்கு எப்படி வரும்? இவன் அதத் தூக்கிப் போட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நம்ம ஆளுங்க கெட்டிப் பொருளக் கண்டா தூக்கிப் போட மாட்டாங்க. மருந்தடிக்க ஆவும்னு அப்பாவுக்குக் கொண்டாந்தான்.”

மணிபாரதி தலை குனிந்தபடி பேசினான். “மாஸ்க்கு, அதுக்கு மேல தகடு, அதுக்கு மேல இது. பிளைட்டு தூக்குனவுடனே நெஞ்சை அடைச்சிடுச்சு. செத்துருவேன்னு நெனச்சேன். அந்தம்மா திட்டத் திட்ட எனக்கு வெறியாயிடுச்சு. கடிதாசி எழிலு பேருக்கு வந்ததும்...” அவன் எழிலரசனைப் பார்த்தான். “நீ கேட்டதாலதானேடா நான் நடுவுல உக்காந்தேன்.”

“சீட்டுதாண்டா கேட்டேன்” என்றான் எழிலரசன். “பொய் சொல்லச் சொல்லி கேக்கல.”

அரங்கநாதன் மகனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே ஜோஸ்பினுக்குச் சங்கடமாக இருந்தது. மேசையிலிருந்த பேனாவை எடுத்து மகன் கையில் வைத்தார். “எழுது.”

“எழுதினா மஸ்கட் போச்சுப்பா.”

“உம்பேருல போவட்டும்.”

மணிபாரதி எழுதினான். அடித்து அடித்து எழுதியதில் இரண்டு தாள் வீணானது. மூன்றாவது தாளில் கையெழுத்துப் போட்டதும் எழிலரசன் அதை வாங்கிப் படித்தான். பிறகு கீழே எதையோ எழுத ஆரம்பித்தான். விஜயராணி எட்டிப் பார்த்தார். சீட்டை மாற்றச் சொல்லிக் கேட்டது தான்தான், பணிப்பெண்ணிடம் சொல்லாமல் மாறியது தன் தவறு என்று அதில் இருந்தது.

“அந்த வரி வேணாம் எழிலு” என்றார் விஜயராணி. “சொல்லாம மாறினதும் தப்புன்னு உன்னையும் புடிப்பாங்க.”

“நடந்தது அதானக்கா. அவன் எடம் குடுத்தது பொய் இல்லியே.”

வாசலில் தனக்கொடிக்கு உயிரே போனது. எழுந்து வந்து அந்தப் பேனாவைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. பிடுங்கவில்லை. மணிபாரதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உடைந்து அழுதான்.

ஆறாம் நாள் பதில் வந்தது. தனக்கொடிக்குப் படிக்கத் தெரியாது. ஜோஸ்பின்தான் படித்துச் சொன்னாள்.

“எழிலு பேரை எடுத்துட்டாங்க ஆத்தா. இனிமே சொல்லாம சீட்டு மாறக் கூடாதுன்னு ஒரு வரி, அவ்ளோதான். இருபதாம் தேதி போவலாம்.”

தனக்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“அந்தப் புள்ளைக்கு இன்னா போட்டிருக்காங்க?”

“மூணு மாசம் தடை.”

“மூணு மாசந்தானே” என்றாள் தனக்கொடி. “கார்த்திகையில போயிடும். ஏஜென்ட்டுகிட்ட அவனுக்காவவும் நீ ஒரு வார்த்தை பேசு விஜயராணி.” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பத்து நாளாக வராத அழுகை.