மேலே நின்ற கூடை

மூன்று தபால் அட்டைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்த பிறகும் நர்ஸ் அவற்றின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அட்டைகள் பறக்க அறையில் காற்றே இல்லை. முப்பத்தோரு வருடமாக அப்படிப் பிடித்தே பழகிய கை அது.

"அப்பா போட்டதுன்னு சொல்றாங்க. அவருக்கு எழுதத் தெரியாது. யாரையாவது விட்டு எழுதச் சொல்லியிருப்பார்னு அம்மா நம்பிட்டாங்க," என்றாள்.

அண்ணி குனிந்து அட்டைகளையே பார்த்தாள். காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவள் அவள். நர்ஸ் சங்கடத்தோடு பக்கத்தில் நின்ற அண்ணியின் கொழுந்தனைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. அண்ணி வாயைத் திறந்தாதான் கவலைப்படணும்," என்றான் அவன். ஜீப் ஓட்டுவது அவன் தொழில். அண்ணியின் பின்னால் துப்புத் தேடி அலைவது அவன் ஆசை.

விஷயம் இதுதான். முப்பத்தோரு வருடத்துக்கு முன், ஒரு பிற்பகலில், சுரங்கத்தின் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே சிக்கிய பதினொரு பேரையும் எடுக்க வழியில்லாமல் குழியின் அந்தப் பகுதியை அப்படியே மூடிவிட்டார்கள். நர்ஸின் அப்பாவும் அன்று வேலைக்கு வந்தவர்தான். ஆனால் இறங்கும்போது வாங்கிய, எண் பொறித்த பித்தளை வில்லையை இடிவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசல் வழியாக அவர் வெளியே போய்விட்டதாகக் கம்பெனி சொன்னது. அதற்குச் சாட்சியாக அவருடைய வில்லை பலகையில் தொங்கியது. பிறகு மூன்று மாதத்தில் மூன்று ஊர்களிலிருந்து மூன்று அட்டைகள் வந்தன. அதோடு சரி. 'ஓடிப்போனவன் பெண்டாட்டி' என்பதே அம்மாவுக்குப் பெயராகிவிட்டது.

"வியாழக்கிழமை சாயங்காலம் நினைவுக்கல் திறக்கிறாங்க. பதினொரு பேர் பெயர்தான் வெட்டியிருக்கு. அப்பா ஓடிப்போனவர்தான்னா அதையாவது உறுதியா சொல்லிடுங்க. அம்மா இன்னும் பஸ் சத்தம் கேட்டா வாசலைப் பார்க்கிறாங்க."

அண்ணி முதல் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். 'இங்கே வேலை கிடைத்துவிட்டது. 14 மணிக்கு முடிகிறது. கவலைப்பட வேண்டாம்.'

"செவ்வாய்க்கிழமை விடிஞ்சதும் கிளம்பலாம், தம்பி," என்றாள்.

முதல் ஊருக்குப் போகும் சாலை, ஆளில்லாத மேட்டுநிலத்தில் வளைந்து வளைந்து போனது. மண்ணும் கல்லும் கூரைகளும் ஒரே சிவப்பாக இருந்தன. ஜீப்பும் அரை மணி நேரத்தில் அந்த நிறத்துக்கு மாறியது.

"அண்ணி, எனக்குப் புரிஞ்சு போச்சு. மூணாவது ஊர்ல ஒரு பொம்பளை இருப்பா. மனுஷன் அங்கே தங்கிட்டான்."

"அவ பெயரையும் கண்டுபிடிச்சிட்டியா?"

கொழுந்தன் கியரை மாற்றினான்.

தேநீர்க் கடையில் ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி அகப்பட்டார். காலை ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று அண்ணி கேட்டாள்.

"ரெண்டு மணிக்கும்மா. சங்கு ஊதும்."

"பதினாலு மணின்னு யாராவது சொல்வாங்களா?"

அவர் சிரித்தார். "எங்க வீட்டுக் கடிகாரத்துல பன்னெண்டு வரைக்கும்தாம்மா இருக்கு." பிறகு அவராகவே சொன்னார்: "நீங்க சொல்ற வருஷம் இங்கே புதுசா ஒரு ஆளைக்கூட எடுக்கலையே. இருந்தவனையே அனுப்பிட்டிருந்தாங்க."

இரண்டாவது ஊரில் சுண்ணாம்புத் தூசி. சுரங்கத்து உடைமாற்றும் கூடத்தை இப்போது தானியக் கிடங்காக்கியிருந்தார்கள். உயரமான கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான சங்கிலிகள் தொங்கின. காவல்காரி ஒன்றை இழுத்துக் காட்டினாள்.

"ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கூடை. வீட்டுத் துணியை அதுல போட்டு மேலே ஏத்திட்டு, சங்கிலியைச் சுவத்துல பூட்டிட்டு இறங்குவாங்க. சாயங்காலம் குளிச்சிட்டு இறக்கி மாத்திப்பாங்க. கூடை மேலே இருந்தா ஆள் கீழே இருக்கான்னு அர்த்தம். வேலையை விட்டுப் போறவன் கூடையை இறக்கிவச்சிட்டுப் போகணும். அடுத்தவன் சங்கிலியை யாரும் தொட மாட்டாங்க. தொட்டா கை போயிடும்பாங்க."

"சாவி தொலைஞ்சு போச்சுன்னா?"

"ரெண்டு சாவி. ஒண்ணு கழுத்துல, ஒண்ணு வீட்டுல."

அடுத்த எழுபது கிலோமீட்டர் தூரமும் அண்ணி மடியில் இருந்த அட்டைகளை மாற்றி மாற்றிப் படித்தாள். கொழுந்தன் இரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தான். பலனில்லை.

மூன்றாவது ஊரில் கொழுந்தன் தேடிய பொம்பளை இல்லை. கம்பெனி அலுவலகத்தின் பழைய பியூன்தான் இருந்தார். வெளியூர் ஆள் யாரும் அங்கேயும் சேரவில்லை. "மாசத்துல முதல் திங்கட்கிழமை நீங்க சொல்ற அந்த இடிஞ்ச சுரங்கத்துலேர்ந்து ஜீப் வரும். மூணு ஊர் ஆபீஸுக்கும் வருகைப் பதிவேட்டைக் கொண்டாந்து காட்டுவாங்க. வேற யார் வரப்போறா இந்தக் காட்டுக்கு?"

கொழுந்தன் அவசரமாகப் போனில் பழைய நாட்காட்டியைத் தேடினான். அட்டைகளின் தபால் முத்திரையிலிருந்த தேதிகள் மூன்றும் முதல் திங்கட்கிழமைகள்.

"அண்ணி!"

"ம். இப்ப வண்டியை எடு."

வியாழக்கிழமை மதியம் நர்ஸின் ஊருக்குள் நுழைந்தார்கள். தெருவெல்லாம் கறுப்புத் தூசி. விழாக் குழு அறையின் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'நினைவுக்கல் திறப்பு, வியாழன், 17 மணி.' குழுத் தலைவரான பெரியவர் எழுந்து வந்து நாற்காலி போட்டார். அந்தக் காலத்தில் சுரங்கத்தின் டைம்கீப்பர்; வருகைப் பதிவேடு அவர் பொறுப்பு. வில்லை கொடுத்து வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அறிவிப்பும் அவர் எழுதியதே.

"கடைசியா நர்ஸோட அப்பாவைப் பார்த்தது நீங்கதானே? என்ன உடுத்தியிருந்தார்?" அண்ணி கேட்டாள்.

"மறக்குமா? நீலக் கட்டம் போட்ட சட்டை. புதுத் தோல் செருப்பு. செருப்பு நல்லா இருக்கேப்பான்னு கேட்டேன். சிரிச்சிட்டே வாசலைத் தாண்டிப் போனார்."

"நல்லது. உங்க உடைமாற்றும் கூடத்தைப் பார்க்கணும். நர்ஸோட அம்மாவையும் கூப்பிடுங்க. கல் வெட்டுறவரும் வரட்டும்."

கூடத்தின் பூட்டைத் திறந்ததும் புறாக்கள் சடசடத்தன. கூடைகள் எல்லாம் தரையில் கிடந்தன. கூரையோரம், புறா எச்சத்தில் வெளுத்துப்போய், ஒன்றே ஒன்று மேலே நின்றது. சுவரில் அதன் சங்கிலி பூட்டியபடி இருந்தது.

"மத்த பதினொண்ணையும் யார் இறக்கினது?"

"அந்தந்தக் குடும்பம். நாங்க ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம்," என்றார் டைம்கீப்பர். "இது யாரோ அதுக்கு முன்னாடியே வேலையை விட்டுப் போனவனோடது. அடுத்தவன் சங்கிலியை நாங்க தொடுறதில்லை."

"விட்டுப் போறவன் இறக்கிவச்சிட்டுல்ல போகணும்?" என்றாள் அண்ணி. பிறகு நர்ஸின் அம்மாவிடம் திரும்பினாள். "உங்களைக் கூப்பிட்டாங்களாம்மா?"

"ஓடிப்போனவன் பெண்டாட்டியை யார் கூப்பிடுவா?" என்றாள் அம்மா. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்தாள். பித்தளைச் சாவி ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்தாள். யாரும் அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொழுந்தன் ஜீப்பிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து பூட்டுக்குள் விட்டான். நான்காவது முயற்சியில் சாவி திரும்பியது. சங்கிலி கிறீச்சிட்டு ஓட, கூடை மெல்ல இறங்கியது. உள்ளே நீலக் கட்டம் போட்ட சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு ஜோடி தோல் செருப்பு, காய்ந்து விறைத்து.

அம்மா ஒரு செருப்பை எடுத்து உள்ளங்கையால் தூசியைத் துடைத்தாள்.

"சட்டையைப் பத்தி நீங்க பொய் சொல்லலை. இந்தச் சட்டையைப் பார்த்தீங்க. ஆனா காலையில, அவர் உள்ளே வர்றப்போ," என்றாள் அண்ணி, டைம்கீப்பரைப் பார்த்து. "பலகை, ஆள் மேலே வந்தாச்சுன்னு சொல்லுது. கூடை, ஆள் கீழேதான் இருக்கார்னு சொல்லுது. ரெண்டுமே நிஜம்னா, வந்தவர் உடை மாத்தறதுக்கு முன்னாடி வில்லை இல்லாமலே மறுபடி இறங்கியிருக்கார். வில்லை இல்லாம ஒருத்தரை இறங்க விடறது உங்க ஜன்னல் ஒண்ணுதான். பதிவேட்டோட மூணு ஊருக்கும் போனது யாரு? ரெண்டு மணியைப் பதினாலு மணின்னும், அஞ்சு மணியைப் பதினேழு மணின்னும் எழுதறது யார் கை?"

டைம்கீப்பர் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தார்.

"அன்னைக்குத் தலை எண்ணக் கீழே போன நான், வருகை நோட்டை அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன்," என்றார் கடைசியில். "மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். வில்லையைக் கொடுத்துட்டு நின்ன ஆளை, அஞ்சு நிமிஷம்தான், எடுத்துட்டு வந்துடுன்னு அனுப்பினேன். சரிண்ணேன்னு போனார். அதுக்கப்புறம்தான் அந்தச் சத்தம்." அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தார். "அட்டை போட்டது... உயிரோட இருக்கார்னு நீங்க நினைச்சா தாங்கிப்பீங்கன்னு."

"முப்பத்தோரு வருஷம் வாசலைப் பார்த்தேன்," என்றாள் அம்மா. "அது தாங்கிக்கிறதா?"

டைம்கீப்பர் தன் சட்டையில் குத்தியிருந்த விழாக் குழு வில்லையைக் கழற்றினார். "நான் வீட்டுக்குப் போயிடறேன்."

"போகக் கூடாது," என்றாள் அம்மா. "கல்லைத் திறக்கிறப்போ நீங்க நிக்கணும். அவர் எங்கே போனார்னு ஊருக்கு உங்க வாயாலதான் சொல்லணும்."

கல் வெட்டுபவர் இதுவரை ஓரமாக நின்றவர், கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"கடைசியில ஒரு வரிக்கு இடம் இருக்கும்மா. அஞ்சு மணிக்குள்ள வெட்டிடலாம். பெயரைச் சொல்லுங்க."

அம்மா செருப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். முப்பத்தோரு வருடமாக அவள் வாயில் வராத பெயரை, கூடத்தின் கடைசிச் சுவர்வரை கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

வெளியே தெருவில் ஒரு பஸ் வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.