இரண்டாவது பெட்டி

பெனிட்டா கணினித் திரையில் முதல் பெட்டியில்தான் கடவுச்சொல்லை அடித்திருந்தாள். இரண்டாவது பெட்டிப் பக்கம் இன்னும் போகவே இல்லை. அதற்குள் அங்கே ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது.

அழித்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மூன்று நாளாகத் தூக்கமில்லை. தூங்காதவள் கண்ணுக்குப் புள்ளி என்ன, கோலமே தெரியும் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். உத்தமபாளையம் கடைவீதி மாடியில் இருந்த அந்தச் சின்ன கம்ப்யூட்டர் அலுவலகம் மதியமே இருட்டிக் கிடந்தது. 2009 ஜூன் மாதச் சாரல் ஜன்னல் தகரத்தில் விடாமல் பொரிந்துகொண்டிருக்க, யு.பி.எஸ். பெட்டியின் முனகலோடு ஈரச் சாக்கின் வாடையும் அறை முழுக்க அடைந்திருந்தது. சாக்கு எதுவும் அங்கே இல்லை.

ஒரு கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பப் படிவம் செய்து கொடுத்தவள் அவள்தான். கடவுச்சொல்லை இரண்டு முறை அடிக்க வேண்டும்; இரண்டும் ஒன்றுதானா என்று படிவம் சரிபார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பை எழுதிய அன்று அவள் ஊரில் சப்பரத் திருவிழா. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், இரண்டிலும் எழுத்துகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதும் என்று எழுதிவைத்துவிட்டு ஓடினாள். வந்து திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தவள், மறந்தே போனாள்.

மேகமலைத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லயன் வீட்டுப் பெண் கயல். சின்னமனூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டாள். படிவம் வாங்கிக்கொண்டது. பிறகு அவள் விண்ணப்பம் திறக்கவே இல்லை.

"அக்கா, ரெண்டு தடவையும் ஒண்ணேதான் அடிச்சேன்க்கா," என்று படிவத்தில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டு அழுதாள்.

"நீதான் தப்பா அடிச்சிருப்ப. நாளைக்குக் கடைசி நாளு. நேர்ல வந்து எழுதிக் குடுத்துட்டுப் போ," என்றாள் பெனிட்டா.

மறுநாள் மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கயல் ஏறி வந்த ஜீப் மலைப்பாதையிலிருந்து உருண்டது. அவள் பிழைக்கவில்லை.

இப்போது யாரும் பார்ப்பதற்குள் தவறைத் திருத்தியாக வேண்டும். தெரிந்தால் வேலை மட்டுமா போகும்? ஊரில் தலை காட்ட முடியாது. பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

முதலாளி அருளப்பன் கதவருகே வந்து நின்றார். "பெனிட்டா, காலேஜ்ல இருந்து பேசுனாக. அந்தப் புள்ள விஷயத்துல தப்பு நம்ம மேலயான்னு கேக்குறாக."

"இல்ல சார். அந்தப் புள்ளதான் தப்பா அடிச்சிருச்சு."

"சரி, அப்படியே சொல்லிர்றேன்."

அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கி அடங்கியது.

இரண்டாவது பெட்டியில் ஒரு புள்ளி. இன்னொன்று. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பவரின் நிதானத்தில் ஒவ்வொன்றாக வந்தன. அழித்தாள். மறுபடி வந்தன. புள்ளிக்குப் பதில் எழுத்தே தெரியும்படி நிரலில் ஒரு சொல்லை மாற்றினாள்.

தெரிந்தது. ஆங்கில எழுத்தில், தமிழ்.

'தொறக்கலக்கா.'

கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினாள். எழுத்துகள் நிற்கவில்லை. தொறக்கலக்கா. தொறக்கலக்கா. சாக்கு வாடை முதுகுக்குப் பின்னால் வந்தது. மிக அருகில்.

கீபோர்டிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

அவள் விரலின்மேல் இன்னொரு விரல் இருந்தது. சில்லென்று. ஈரமாக. நகத்தடியில் செம்மண். அது அவள் விரலை அழுத்திப் பிடித்து, அடுத்த எழுத்தை நோக்கி மெதுவாக நகர்த்தியது.