ஒரே நிர்வாகி

மாசியில் செத்துப்போன கருப்பசாமி, இன்று மதியம் மூன்று பத்துக்கு ஒரு புகாரை நிராகரித்திருந்தார்.

குவார்ட்டர்ஸ் ஒழுகல், அடைப்பு, ஓடாத ஃபேன் என்று டவுன்ஷிப்பே புகார் போடும் இணையதளத்தின் சர்வரை ஆஃப்ரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்ட் ஆள். ஐந்து மணி சங்கு ஊதுவதற்குள் தன்னுடைய நிர்வாகிக் கணக்கு ஒன்றை மட்டும் வைத்து, அதுவும் ஒரே கணினியில் மட்டும் திறக்கும்படி பூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் நாளை அவளுக்கு வேலை இல்லை.

அந்த ஒரே கணினி கருப்பசாமியின் அறையில் இருந்தது. அவருடைய பதவிப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு இன்னமும் திங்கட்கிழமைதோறும் மாற்றப்பட்டது. அதில் யாரும் உட்காருவதில்லை, ஆஃப்ரீனும் ஸ்டூலில்தான்.

சூப்பிரண்டெண்ட் வெங்கடேஷுக்குப் போன் போட்டாள்.

"சார், கருப்பசாமி சார் ஐடியில இப்ப யாரோ உள்ள இருக்காங்க."

"யாருன்னா இருப்பாங்கம்மா. அந்த பாஸ்வேர்டு டீக்கடைக்கே தெரியும். செத்த உடனே பேர எடுத்தா நல்லா இருக்காதேன்னு வுட்டு வெச்சோம். நீ எடுத்துட்டுப் போய்க்கினே இரு."

எந்தக் கணினி என்று பார்த்தாள்.

இதே கணினி.

அனல் மின் நிலையத்தின் இரைச்சல் கண்ணாடி வழியே ஓயாமல் கசிந்துகொண்டிருக்க, ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருக்க, நிலக்கரித் தூசியின் புழுங்கல் வாடைக்குள் எங்கிருந்தோ தலைக்குத் தேய்த்த எண்ணெயின் மணம் மெல்ல ஏறி வந்தது. காலையில் சலவையிலிருந்து வந்த துண்டில், தலை சாயும் இடத்தில், வட்டமாக ஒரு கறை.

அவசரமாகக் கருப்பசாமியின் கணக்கை நீக்கினாள். இந்தக் கணினியில் மட்டும் திறக்கும்படி பூட்டினாள். பட்டியலைத் திறந்தாள்.

நிர்வாகிகள்: ஒருவர். கருப்பசாமி.

அவள் பெயர் இல்லை. எங்குமே இல்லை.

சங்கு ஊதியது. கதவு திறந்தது. வெங்கடேஷ்.

"சார்! இங்க பாருங்க சார்!"

அவர் பார்வை அவளைத் தாண்டிப் போனது. "எங்க போச்சு இந்தப் பொண்ணு? சொல்லாமயே கெளம்பிடுச்சி பாரு." லைட்டை அணைத்தார். வழக்கம்போல நாற்காலியைப் பார்த்து லேசாகக் குனிந்தார். "அப்ப நான் வரேங்க சார்."

கத்தினாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை நகரவில்லை. வெளியே பூட்டு விழுந்தது.

யார் வேண்டுமானாலும் போடக்கூடியது புகார் மட்டும்தான். புகார்ப் பக்கத்தைத் திறந்து அடித்தாள். *உள்ளே இருக்கிறேன். கதவைத் திறக்கவும். ஆஃப்ரீன்.*

அனுப்பினாள்.

நாற்காலி மெல்ல மேசைப் பக்கம் திரும்பியது. கறை விரிந்தது. அவள் கையை எடுத்த பிறகும் விசைகள் அமுங்கின. ஒவ்வொன்றாக. நிதானமாக.

*நிராகரிக்கப்பட்டது. காரணம்: அப்படி ஒருவர் பதிவில் இல்லை.*